அத்தியாயம் 9: டைனோவில் ஏற்றும் நாள்

டைனோ கூடத்தில் கட்டணம் மணிக்கணக்கில் ஓடும். சில இடங்களில் மூன்று ஓட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். எப்படிப் பேசினாலும், முதல் தடவை வருபவரின் நேரத்தில் பாதி கராஜிலேயே முடித்திருக்க வேண்டிய வேலைகளுக்குப் போய்விடுகிறது: கசியும் வால்வு கவர், தளர்ந்த ஹெடர் போல்ட், பெடலைத் தரையோடு மிதித்தும் முழுக்கத் திறக்காத கார்புரேட்டர். டைனோ மேல் கார் நிற்கும் நேரத்தில் பெட்ரோல் கலவை, இக்னிஷன் டைமிங் ஆகிய இரண்டைத் தவிர வேறு எதிலும் கைவைக்கத் தேவை வரக்கூடாது. அதனால் வீட்டு வேலையிலிருந்தே தொடங்குவோம்.

இந்த நூலில் இதுவரை கோத்துவந்த இன்ஜினையே இங்கும் எடுத்துக்கொள்கிறேன். 1970 செவ்ரோலே ஷெவெல் காரில் ஸ்மால் பிளாக் 350. 4 அங்குல போரை 30 தௌ கூட்டியதால் இப்போது 355 கன அங்குலம். அலுமினிய ஹெட், பத்துக்குச் சற்றுக் குறைவான கம்ப்ரஷன், ஹைட்ராலிக் ஃபிளாட் டாப்பெட் கேம், நாலு பேரல் ஹோலி கார்புரேட்டர், மன்சி எம்-20 நாலு கியர் பெட்டி, பின் ஆக்ஸிலில் 3.73. ஃபோர்டு 302, மோபார் 340 வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவே. எண்கள்தான் கொஞ்சம் மாறும்.

ரன்-இன் வீட்டிலேயே முடியட்டும்

ஃபிளாட் டாப்பெட் கேம் பிழைப்பதும் சாவதும் முதல் அரை மணியில் தெரிந்துவிடும். ஸ்டார்ட் ஆனவுடன் 2000 ஆர்.பி.எம்.முக்கு மேல் ஏற்றி, 2000-க்கும் 2500-க்கும் இடையில் ஏற்றி இறக்கி 20 முதல் 30 நிமிடம் ஓட விட வேண்டும். ஐடிலில் விடக்கூடாது. கேம் லோபுகளுக்கு ஆயில் போய்ச் சேருவது பெரும்பாலும் கிராங்க் சுழலும்போது தெறிப்பதால்தான். ஐடிலில் அந்தத் தெறிப்பு போதாது. ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்புச் சேர்மானம் போதிய அளவு இருக்க வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குக் கெடுதல் என்பதால் இன்றைய சாதாரணக் கார் ஆயில்களில் அதன் அளவைக் குறைத்துவிட்டார்கள். ஸ்மால் பிளாக்கும் 1987-லேயே ரோலர் லிஃப்டருக்கு மாறிவிட்டதால், ஆயில் கம்பெனிகளுக்கு நம் பழைய கேம் பற்றிக் கவலையில்லை. ரன்-இன் ஆயில் என்று தனியாகவே விற்கிறது, அதை வாங்குங்கள்.

பிறகு ஆயிலை வடித்து, ஃபில்டரைக் கத்தரித்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மினுமினுக்கும் பொடி லேசாக இருப்பது சகஜம். விரலில் நெருடும் துணுக்கு இருந்தால் டைனோவுக்குப் போகும் பேச்சே வேண்டாம். ஆயில் பேனைக் கழற்றுங்கள். எல்லாம் சரியென்றால் சில நூறு மைல் ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போவதைவிட, ஏறி இறங்கும் சாலையில் மிதித்தும் விட்டும் ஓட்டினால்தான் ரிங் உட்காரும். கடைசியாக லீக்-டவுன் சோதனை. எட்டு சிலிண்டரிலும் கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்து, ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை என்றால் இன்ஜின் தயார்.

நான்கு பரிசோதனைகள்

முதலாவது, திராட்டில். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை முழுக்க மிதிக்கட்டும்; இன்னொருவர் ஏர் கிளீனரைக் கழற்றி, இன்ஜின் ஓடாத நிலையில், கார்புரேட்டருக்குள் பார்க்கட்டும். நான்கு பட்டாம்பூச்சி வால்வுகளும் நிமிர்ந்து நிற்க வேண்டும். பெடலுக்கு அடியில் கிடக்கும் தரைவிரிப்பு ஒன்று போதும், முப்பது குதிரைத்திறனை விழுங்கிவிடும். இவ்வளவு மலிவான திறன் கார் உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது. ஆனாலும் இதை யாரும் பார்ப்பதில்லை.

இரண்டாவது, டைமிங் குறி. ஸ்மால் பிளாக்கின் பேலன்சர் இரண்டு இரும்பு வளையங்களுக்கு நடுவில் ரப்பர் வைத்தது. ஐம்பது வருஷ ரப்பர் நகர்ந்தால் வெளிவளையமும் அதிலுள்ள கோடும் சேர்ந்து நகரும். பிறகு டைமிங் லைட்டில் 34 டிகிரி என்று தெரிவது உண்மையில் 40 ஆகவும் இருக்கலாம். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் ஸ்டாப் ஒன்றைத் திருகி, கிராங்க்கைக் கையால் இரு பக்கமும் சுற்றி முட்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நட்டநடுவே விழுவதுதான் உண்மையான உச்சி. குறி அங்கே இல்லையென்றால் புது பேலன்சர் வாங்கிவிட்டு மேலே படியுங்கள்.

மூன்றாவது, பெட்ரோல் வரத்து. இந்த வகை இன்ஜினுக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு சுமார் அரை பவுண்டு பெட்ரோல் என்பது பழைய கணக்கு. இன்றும் பொய்க்காத கணக்கு. 380 குதிரைத்திறனுக்கு 190 பவுண்டு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 115 லிட்டர். பழைய பம்பும் மெல்லிய குழாயும் இதைக் கொடுக்குமா என்று ஐடிலில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கார்புரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு பிரஷர் கேஜ் பொருத்துங்கள். ஹோலிக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. வேண்டும். டேங்க்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கட்டும். அதுவும் நீங்கள் வழக்கமாகப் போடும் பெட்ரோலாகவே இருக்கட்டும். கலிஃபோர்னியாவில் பம்பில் கிடைக்கும் உயர்ரகம் 91 ஆக்டேன். கிழக்கு மாகாணங்கள் பலவற்றில் 93. டைனோவுக்காக ரேஸ் பெட்ரோல் ஊற்றி டைமிங்கை ஏற்றிவிட்டு, வீட்டுக்கு 91-இல் ஓட்டினால் பிஸ்டன்தான் விலை கொடுக்கும்.

நான்காவது, எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் சென்சாருக்கு இடம். ஹெடர் குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டருக்குச் சற்றுப் பின்னால், குழாயின் மேல்பாதியில் நீர் தேங்காதபடி, 18 மில்லிமீட்டர் மரையுள்ள பங்க் ஒன்றை வெல்டு செய்துகொள்ளுங்கள்; இரு பக்கமும் வைத்தால் இன்னும் நல்லது. இது இல்லாவிட்டால் டைனோக்காரர் சைலன்சரின் வால்குழாயில் ஒரு கம்பியைச் செருகித்தான் அளப்பார். அங்கே வெளிக்காற்று கலந்து, உள்ளதைவிட லீனாகக் காட்டும்.

டயரைப் பாருங்கள்

ஷெவெலில் 27 அங்குல உயர டயர், 3.73 ஆக்ஸில், நாலாவது கியர் நேர் 1:1. இன்ஜின் 6000 தொடும்போது டயரின் வேகம் மணிக்கு 129 மைல், ஏறக்குறைய 208 கிலோமீட்டர். பக்கச்சுவரில் வெள்ளை எழுத்துத் துலங்கும் பழைய பாணி டயர்கள் பலவும் எஸ் குறி கொண்டவை. அவற்றின் எல்லை 112 மைல். இதற்கு மேல், டயர் வயதாகியும் இருந்தால், உருளைமேல் அது வெடிக்கும்போது பின் ஃபெண்டரும் சேர்ந்து போகும். ஆகவே வேகக்குறி உயர்ந்த டயர் மாட்டிய வேறு சக்கரங்களைக் கொண்டுபோங்கள். முடியாதென்றால் எல்லா ஓட்டமும் மூன்றாவது கியரிலேயே என்று டைனோக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவதின் ரேஷியோ 1.46, வேகம் 90 மைலுக்குள் நிற்கும். கியர் பற்கள் வழியாகச் சுற்றிப் போவதால் காட்டும் திறன் சற்றுக் குறையும். அது பெரிய விஷயமில்லை. நடுவில் கியரை மாற்றி ஒப்பிடக்கூடாது, அவ்வளவுதான்.

டயர் காற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்டின் யூ-ஜாயிண்ட்டில் ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

எந்த டைனோ

சேஸிஸ் டைனோவில் இரண்டு குலம் உண்டு. டைனோஜெட் போன்றவற்றில் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள உருளையை உங்கள் சக்கரம் சுழற்றுகிறது. அது எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்பதைக் கொண்டு திறனைக் கணக்கிடுகிறார்கள். எளிமையானது, ஒரே மாதிரி எண் தருவது. மஸ்டாங் போன்றவற்றில் மின்காந்த பிரேக் உருளையைப் பிடித்து இழுக்கும். 3000-இல் நிறுத்தி அங்கேயே பாரம் ஏற்றிப் பார்க்கலாம். பாதி திராட்டிலில் கலவை எப்படி இருக்கிறது என்று அறிய இதுதான் வழி. தெருவில் ஓட்டும் காருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், அது காட்டும் எண் பொதுவாகக் குறைவாக இருந்தாலும்.

இன்ஜினைக் காரில் ஏற்றும் முன்பே தனியாக நீர் பிரேக்கில் பூட்டிச் சோதிக்கும் இன்ஜின் டைனோவும் உண்டு. கேம், ஹெட், மேனிஃபோல்டு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்கு அது ஏற்றது. ஆனால் அங்கே உங்கள் ஃபேன், உங்கள் சைலன்சர், உங்கள் ஏர் கிளீனர் எதுவும் இருக்காது.

கட்டுவதும் முதல் மூன்று ஓட்டமும்

பின் ஆக்ஸிலைப் பட்டைகளால் முன்னும் பின்னும் கட்டுவார்கள். பிரேக் குழாய்மீதோ ஷாக் அப்சார்பர்மீதோ பட்டை படுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். உங்கள் காரை உங்களைவிட டைனோக்காரருக்குத் தெரியாது. பட்டையை அளவுக்கு மீறி இறுக்கினால் டயர் நசுங்கித் திறனைத் தின்னும். சுழலும் டயருக்கு நேரே பின்னாலும் பக்கத்திலும் யாரும் நிற்கக்கூடாது. புகைக் குழாய் வெளியே போகிறதா, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்துவதற்கு ஒரு கை சைகையை முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது.

பானெட் மூடியே இருக்கட்டும், ஏர் கிளீனர் மாட்டியே இருக்கட்டும். தெருவில் எப்படி ஓடுமோ அப்படியே அளப்பதுதான் அளவு. வேக்குவம் அட்வான்ஸ் குழாயை மட்டும் கழற்றி அடைத்துவிடுங்கள். முழு திராட்டிலில் அதற்கு வேலையில்லை, டைமிங் பார்க்கும்போது குழப்பும்.

முதல் ஓட்டத்தை 4500-இல் விட்டுவிடச் சொல்லுங்கள். ஆயில் பிரஷர், பெட்ரோல் பிரஷர், கலவை மூன்றையும் பார்த்த பிறகுதான் 6000 வரை. ஆயில் பிரஷர் 1000 ஆர்.பி.எம்.முக்குப் பத்து பி.எஸ்.ஐ. என்ற விகிதத்தில் இருந்தால் போதும். மேலே போகப் போக அது ஏறாமல் சட்டென்று சரிந்தால், பேனில் ஆயில் வற்றி பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். அன்றைய சோதனை அத்தோடு முடிந்தது.

அடுத்து, எதையும் தொடாமல் மூன்று முழு ஓட்டங்கள். ஒவ்வொன்றும் ரேடியேட்டர் நீர் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் வந்தால் அதுதான் உங்கள் அடிப்படை எண். 300, 318, 291 என்று தாவினால் டியூனிங் தொடங்க வேண்டாம். டயர் வழுக்குகிறதா, கிளட்ச் நழுவுகிறதா, இக்னிஷனில் மிஸ்ஸிங்கா என்று தேடுங்கள். ஆடும் தராசில் ஐந்து குதிரைத்திறனைத் தேடிப் பயனில்லை.

கலவை முதலில், டைமிங் பிறகு

முழு திராட்டிலில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 பங்கு காற்று. இதுதான் இலக்கு. 14-ஐ நெருங்கினால் காலை எடுங்கள். 11.5 என்றால் ஆபத்தில்லை. பெட்ரோலைக் குடித்துக் கறுப்புப் புகை விட்டுத் திறனை இழக்கும். ஹோலியில் ஜெட்டை இரண்டிரண்டு எண்ணாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ஓட்டம் பாருங்கள். மிதவை மட்டத்தை முன்பே சரிபார்த்திருக்க வேண்டும். மட்டம் தவறாக இருந்தால் ஜெட் எண்ணுக்கு அர்த்தமேயில்லை.

கோடு எங்கே லீனாகிறது என்பதைக் கவனியுங்கள். முழுதும் லீன் என்றால் ஜெட். 5000 வரை சரியாக வந்து அதற்குமேல் மெல்ல மெல்ல லீனாகிறது, பெட்ரோல் கேஜும் கூடவே இறங்குகிறது என்றால் கோளாறு பம்பிலோ குழாயிலோ இருக்கிறது. அங்கே ஜெட்டைப் பெரிதாக்குவது நோயை மறைக்கும் வேலை. சென்சார் பொய் சொல்லும் இடங்களும் உண்டு. அது அளப்பது பெட்ரோலை இல்லை, மிஞ்சிய ஆக்சிஜனை. சிலிண்டர் ஒன்று தீப்பிடிக்காமல் விட்டால், எரியாத காற்று அப்படியே வெளியேறி லீன் என்று காட்டும். ஹெடர் கேஸ்கெட்டில் கசிவு இருந்தாலும் அப்படியே. ஓவர்லாப் அதிகமான கேமில் ஐடிலில் காட்டும் எண்ணை நம்பவே வேண்டாம்.

கலவை நிலைத்த பிறகு டைமிங். எல்லா அட்வான்ஸும் சேர்த்து 32 டிகிரியில் தொடங்கி 34, பிறகு 36. பழைய இரும்பு ஹெட் பெரும்பாலும் 36-இல் நிற்கும். எரிதல் வேகமான இன்றைய அலுமினிய ஹெட்டுக்கு 32, 34-லேயே முடிந்துவிடும். 34-இலிருந்து 36-க்குப் போய் ஒன்றும் கூடவில்லை என்றால் 34-க்கே திரும்புங்கள். ஒரே திறனைக் குறைந்த டைமிங்கில் தரும் இன்ஜின், வெயில் நாளிலும் மட்டமான பெட்ரோலிலும் தப்பிக்கும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம் கேட்டால் அது நாக்கிங்; உடனே நிறுத்துங்கள். ஆனால் டைனோ சத்தத்தில் காது ஏமாறும். ஆகவே ஓட்டத்தின் உச்சியிலேயே இக்னிஷனை அணைத்து, கிளட்ச்சை மிதித்து நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் அளவு கறுப்புப் புள்ளியோ, வெள்ளி மினுக்கமோ தெரிந்தால் பிஸ்டனின் அலுமினியம் கரையத் தொடங்கிவிட்டது. அப்போது டைமிங்கை இறக்குவது ஒன்றே வழி.

டைமிங் மாறினால் கலவையும் சற்று மாறலாம். கடைசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தாளைப் படிப்பது

அச்சிட்ட தாளில் இரண்டு கோடுகள்: டார்க், குதிரைத்திறன். டார்க் பவுண்டு-அடியில் இருந்தால், அதை ஆர்.பி.எம்.மால் பெருக்கி 5252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். ஒரு நிமிடத்தில் 33,000 அடி-பவுண்டு வேலை என்று ஜேம்ஸ் வாட் வகுத்த அளவை ஒரு சுற்றுக்குரிய 2π-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த 5252. ஆகவே ஒரே அளவுகோலில் வரைந்தால் இரண்டு கோடும் 5252-இல் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டவில்லையென்றால் ஆர்.பி.எம். சமிக்ஞையில் எங்கோ பிழை. 4000-இல் 330 பவுண்டு-அடி என்றால் 251 குதிரைத்திறன். 5500-இல் டார்க் 300-ஆக இறங்கியும் திறன் 314.

உச்ச எண்ணைவிட எனக்கு முக்கியம், இன்ஜின் உண்மையில் வாழும் பகுதி. எம்-20 பெட்டியில் 6000-இல் கியர் மாற்றினால், முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஆர்.பி.எம். சுமார் 4480-க்கு விழும். இரண்டிலிருந்து மூன்றுக்கு 4660. மூன்றிலிருந்து நாலுக்கு 4110. ஆக, பந்தயத்தில் முதல் கியரைத் தாண்டிய பிறகு இந்தக் கார் 4100-க்கும் 6000-க்கும் நடுவில்தான் ஓடுகிறது. இரண்டு ஓட்டங்களை ஒப்பிடும்போது அந்த இடைவெளியின் சராசரியைக் கேளுங்கள். உச்சியில் எட்டு குதிரைத்திறன் கூடி, 4500-இல் இருபது பவுண்டு-அடி குறைந்த மாற்றம் நஷ்டம்.

கோட்டின் வடிவமும் பேசும். மேல் ஆர்.பி.எம்.மில் ரம்பப் பல்போல் நடுங்கினால் இக்னிஷன்: பிளக் இடைவெளி, காயில், வயர். 5800 வரை நன்றாக ஏறி, சட்டென்று உடைந்து விழுந்தால் வால்வு ஸ்பிரிங் தளர்ந்து வால்வு மிதக்கிறது. கேமுக்குரிய ஆர்.பி.எம்.முக்கு வெகு முன்பே அமைதியாகப் படுத்துவிட்டால் காற்று போக வர இடமில்லை. மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் வைத்துப் பாருங்கள். முழு திராட்டிலில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் காட்டினால் ஏர் கிளீனரோ கார்புரேட்டரோ சிறியது. அப்படிக் காட்டவில்லையென்றால் எக்ஸாஸ்டைப் பாருங்கள். தாளில் கோட்டை மழமழவென்று ஆக்கும் வசதி ஒன்று உண்டு. இந்த நோய்களையெல்லாம் அது துடைத்துவிடும். குறைந்தபட்ச அளவில் வைத்து அச்சிடச் சொல்லுங்கள்.

எண் ஏன் குறைகிறது

இந்த இன்ஜினின் கிராங்க்கில் 380 இருந்தால், கியர் பெட்டியும் ஆக்ஸிலும் டயரும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு சக்கரத்தில் 305 முதல் 325 வரை வரும். முகம் வாடத் தேவையில்லை. 1970 விளம்பரங்களில் நீங்கள் படித்த எண்கள் வேறு உலகத்தவை. ஃபேன், சைலன்சர் எதுவுமில்லாமல் இன்ஜினைத் தனியே வைத்து அளந்த கிராஸ் எண்கள் அவை. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்ணையும் வெளியிட்டபோது, அதே கமாரோ இசட்-28 கிராஸில் 330, நெட்டில் 275. 1972 முதல் அமெரிக்கக் கம்பெனிகள் நெட் எண்ணுக்கே மாறிவிட்டன.

தாளின் மூலையில் திருத்தக் காரணி ஒன்று இருக்கும். காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் பொதுநிலைக்குக் கொண்டுவரும் பெருக்கல் எண் அது. எஸ்.ஏ.இ. என்றால் 25 டிகிரி செல்சியஸ் அடிப்படை, எஸ்.டி.டி. என்றால் இன்னும் குளிர்ந்த, அடர்ந்த காற்று அடிப்படை. அதனால் இரண்டாவது எண் சுமார் 4 சதவீதம் பெரிதாக வரும். 320 என்பது 333 ஆவதற்கு இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை. கடல் மட்டத்துக்கு 5280 அடி மேலே இருக்கும் டென்வரில் காரணி சுமார் 1.2 வரை போகும். அங்கே தாளில் 320 என்றால் சக்கரத்தில் உண்மையாக வருவது 265 அளவுதான். எந்தக் காரணி என்று சொல்லாத எண்ணை யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வேறு டைனோவில் வேறு நாளில் வந்த எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடவும் வேண்டாம்.

கிளம்பும் முன் ஓட்டக் கோப்புகள் அனைத்தையும் திருத்தக் காரணி உட்பட வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எந்த ஜெட், எத்தனை டிகிரி, நீர்ச்சூடு எவ்வளவு என்பதைப் பக்கத்திலேயே எழுதிவைக்காவிட்டால் ஒரு மாதம் கழித்து அந்தக் கோப்புகள் வெறும் படங்கள். வேக்குவம் அட்வான்ஸ் குழாயைத் திரும்ப மாட்டுங்கள். மறந்தால் நெடுஞ்சாலையில் பெட்ரோல் கொட்டும், இன்ஜினும் சூடேறும். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெடர் போல்ட்டுகளை இன்ஜின் ஆறிய பிறகு, வீட்டில், ஒரு சுற்று இறுக்குங்கள்.